ஐந்து டன்னுக்கு எதிரே ஒரு கை

ஜூன் 4, இரவு

அக்காவுக்கு,

உறையின் மேலிருக்கும் கையெழுத்து எங்கள் பள்ளி நூலகர் மிஸ்ஸுடையது. என் கையெழுத்தில் போனால் எப்படியாவது அப்பாவுக்குத் தெரிந்துவிடும் என்று பயம். மிஸ் ஒன்றும் துருவவில்லை. "அக்காவுக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு முகவரியை எழுதினார். பதிலையும் நூலகத்துக்கே அனுப்பு. நீ அம்மாவுக்கு அனுப்பிய அட்டையை அம்மா மருந்துப் பெட்டியில், இருமல் மருந்துக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள். அதிலிருந்துதான் முகவரி எடுத்தேன்.

போனில் பேச முடியாது. உன் எண்ணை எல்லாப் போனிலிருந்தும் அப்பா அழித்துவிட்டார். ஒன்பது மணிக்கு என் போன் அவர் மேசைக்குப் போய்விடும். இதை உன் அலமாரிக்குள் உட்கார்ந்து, படகில் மாட்டும் தலைவிளக்கை மாட்டிக்கொண்டு எழுதுகிறேன். உன் பழைய லைஃப் ஜாக்கெட் மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன். கோபிக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற இருபத்தெட்டாம் தேதி நம் பெரிய படகு பேரரசியில் அக்கரைத் தீவுக்குப் போவதென்று அப்பா முடிவு செய்துவிட்டார். அப்பா, அம்மா, நான். போக மட்டும் இருபது மணி நேரம். முன்முனையில் நீ நின்ற இடத்தில் இனி நான். "பெரியவ இல்லன்னா என்ன, சின்னவ இருக்கா" என்று படகு கிளப்பில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் கிளப் இன்னும் அனுமதி தரவில்லை. ஜனவரியில் உனக்கு அப்படி ஆனதால், செயலாளர் முன்னால் பேரரசியைத் துறையில் ஒழுங்காக அணைத்து நிறுத்திக் காட்டினால்தான் கையெழுத்துப் போடுவார்களாம். இருபத்தொன்றாம் தேதி, சனிக்கிழமை காலை.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. துறை நெருங்கி வருவது போல அடிக்கடி தோன்றுகிறது, வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதுகூட. அப்பாவிடம் பயமாக இருக்கிறது என்றேன். "எதுக்குப் பயம்? கவனமா இருந்தா ஒண்ணும் ஆகாது" என்றார். கவனமாக என்றால் எப்படி என்று கேட்கத் தைரியம் இல்லை.

அதனால் உன்னிடம் கேட்கிறேன். படகு துறைப் பக்கம் வரும்போது கையை எங்கே வைத்துத் தள்ள வேண்டும்? காலால் தள்ளுவது நல்லதா? உனக்குத்தான் தெரியும்.

சுண்டு

ஜூன் 9

சுண்டு,

ஐந்து மாதம். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கட்டோடு படுத்திருந்தேன், நீ வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனாய். இங்கே வந்து ஐந்து மாதம், ஒரு வரி இல்லை. இப்போது எழுதுகிறாய். எதற்கு? எப்படித் தள்ளுவது என்று என்னிடமே பாடம் கேட்க!

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு இருபத்தொன்றா இருபத்திரண்டா என்று பார்க்க வேண்டியிருந்ததால் பொறுக்கியெடுத்து, தார்ப்பாய்க்கு ஒட்டும் டேப்பால் ஒட்டினேன். கையெழுத்து கோணலாக இருந்தால் சகித்துக்கொள். ஆள்காட்டி விரல் பாதிதான். நடுவிரலும் பாதி. கட்டை விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் பேனாவைச் சொருகி எழுதுகிறேன். கூடாரம் தைக்கும் கடையில் மற்றவர்கள் நாள் ஒன்றுக்கு ஆறு முடித்தால் நான் நான்கு. முதலாளியம்மா பார்த்தும் பாராதது போல இருக்கிறார்.

பாடம்தானே கேட்டாய்? கேட்டுக்கொள்.

நம் சின்னப் படகு கொசுவின் எடை எண்பது கிலோ. அதில் நாம்தான் பாரம். நாம் வெளியே சாய்ந்தால் அது நிமிரும், உள்ளே வந்தால் அது சாயும். தும்மினால்கூட அதற்குத் தெரியும். பாய்க்கயிற்றைக் கையிலிருந்து விட்டால் பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும், இரண்டு மூச்சு விடுவதற்குள் படகு நின்றுவிடும். துறை நெருங்கிவிட்டதா, கையை வை, தள்ளு, தீர்ந்தது. தப்புப் பண்ணினால் நனைவாய், அவ்வளவுதான். தலையைத் துவட்டிக்கொண்டு மறுபடி ஏறலாம்.

பேரரசி ஐந்து டன். அதில் இரண்டு டன் அடியில் தொங்கும் இரும்பு. கவிழவே கவிழாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ முன்னால் நிற்கிறாயா, பின்னால் நிற்கிறாயா, படகிலேயே இல்லையா என்பதுகூட அதற்குத் தெரியாது. பாயை விட்டாலும் வந்த வேகத்தில் வந்துகொண்டே இருக்கும். கடைத்தெருவில் வேடிக்கை பார்த்தபடி ஒருத்தர் நடந்து வருவாரே, அந்த வேகம். கை வைத்தால் நின்றுவிடும் போலத் தோன்றும். ஐந்து டன்னை யாராலும் கையால் நிறுத்த முடியாது, சுண்டு. கை நடுவில் மாட்டும். துறை மரத்துக்கும் படகுக்கும் நடுவில் ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் உனக்கும் தெரியும், நீ இரண்டடி தள்ளி நின்றாய்.

இருபது வருடம் கொசுவை ஓட்டியவர் அப்பா. பெரிய படகு வாங்கியபோது படகை மட்டும்தான் மாற்றினார், வாயை மாற்றவில்லை. அன்றைக்குக் கொசு நிற்பது போல நிற்கும் என்று நினைத்துப் பாயைத் தளர்த்திவிட்டுச் சும்மா நின்றார். என்ஜினில் ரிவர்ஸ் போடவில்லை. நிற்காது என்று தெரிந்ததும் கொசுவில் கத்துவதையே கத்தினார். "கையை வெச்சுத் தள்ளு!"

பிறகு கிளப்பில் எழுதிக் கொடுத்தார், மூத்த மகளின் கவனக்குறைவு என்று. தான் எதுவும் சொல்லவில்லையாம், நானாகக் கையை நீட்டினேனாம். அந்தத் தாளில் சாட்சி என்ற இடத்தில் என்ன இருந்தது? "இளைய மகள்: பார்க்கவில்லை, கேட்கவில்லை." கீழே உன் கையெழுத்து. உன் பெயரின் கடைசி எழுத்துக்கு ஒரு வால் போடுவாயே, அதுகூட அழகாக இருந்தது.

ஊரில் எல்லோரையும் "வாயை நல்லாத் திறங்க" என்று சொல்லிப் பிழைக்கும் பல் டாக்டர் அவர். வீட்டில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. நீ நல்ல பிள்ளையாகத்தானே இருந்தாய்? இப்போது உன் முறை வந்ததும் அக்கா ஞாபகம் வருகிறதா?

கையையும் வைக்காதே, காலையும் வைக்காதே. முடிந்தால் வாயைத் திற. முடியாவிட்டால் இனிமேல் எனக்கு எழுதாதே. என் அலமாரியை விட்டும் எழுந்திரு.

அக்கா

ஜூன் 14, இரவு

அக்கா,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். அலமாரியை விட்டு எழுந்திருக்கவும் மாட்டேன். நீதான் அதைக் காலி செய்துவிட்டுப் போனாய்.

உனக்குப் பத்தொன்பது வயது. கோபம் வந்தது, பையைத் தூக்கினாய், கதவை அறைந்து சாத்தினாய். அறைந்த கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். எனக்குப் பதினான்கு. எந்தப் பையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவேன்? அன்றிலிருந்து உனக்கு விழ வேண்டிய திட்டும் சேர்த்து எனக்குத்தான் விழுகிறது. சாப்பாட்டு மேசையில் அப்பாவுக்கு எதிரே மூன்று வேளையும் நான் உட்கார்கிறேன். நீ இல்லை.

"நல்ல பிள்ளை" என்று எழுதியிருக்கிறாய். ஏன் அப்படிக் கையெழுத்துப் போட்டேன் என்று ஒரு தடவையாவது கேட்டாயா?

இரண்டு வருடம் முன்னால் கொசு கவிழ்ந்ததே, ஞாபகம் இருக்கிறதா? உனக்கு அது வாரம் ஒருமுறை நடக்கும் வேடிக்கை. நான் பாய்க்கு அடியில் மாட்டிக்கொண்டேன். மேலே வர முட்டினால் துணி. இந்தப் பக்கம் போனாலும் துணி. பதினொன்று வரை எண்ணினேன். தலை வெளியே வந்தபோது நீ சிரித்துக்கொண்டிருந்தாய். "குளிச்சாச்சா?" என்றாய். அதற்குப் பிறகு கொசுவில் ஒரு நிமிஷம்கூட நான் பயப்படாமல் இருந்ததில்லை. அப்பாவிடம் அழுதேன், "பெரிய படகுன்னா வரேன், கவுராத படகுன்னா வரேன்" என்று. ஒரு வருடம் அழுதேன். வாங்கினார்.

பேரரசி என்னால் வந்தது, அக்கா. உனக்கு இது தெரியாது.

நீ ஆஸ்பத்திரியில் உள்ளே இருந்தபோது, வெளியே தண்ணீர் பிடிக்கும் குழாயடியில் அப்பா என்னை நிறுத்தினார். "உனக்காகத்தானேடி இதை வாங்கினேன்? இப்ப நீயே என்னைக் காட்டிக்குடுப்பியா?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. தாளை நீட்டினார். நான் எழுதினேன். அப்புறம் எந்த முகத்தோடு உன் அறைக்குள் வருவது? வாசல் வரை வந்தேன். உன் கட்டு தெரிந்தது. திரும்பிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், திட்டினால் திட்டிக்கொள். பேரரசி எனக்குப் பிடித்திருந்தது. முதல் மூன்று மாதம். உள்ளே படுத்தால் காதுக்குப் பக்கத்தில், ஒரு விரல்கடை பலகைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். அம்மா நனையாமல் உட்கார்ந்து கண்ணாடி போட்டுக்கொண்டு புத்தகம் படிப்பாள். அந்தக் கொஞ்ச நாள்தான் நான் கடலில் பயமில்லாமல் இருந்தேன். பெரியது என்றால் பத்திரம் என்று நினைத்துவிட்டேன். அவ்வளவுதான் என் தப்பு.

இன்று காலை ஒத்திகை. காற்று துறையைப் பார்த்து அடித்தது. அப்பா வழக்கம்போலப் பாயைத் தளர்த்திவிட்டு நின்றார்.

"முன்னாடி நில்லுடி! காலை நீட்டு!"

"அப்பா, நிக்காதுப்பா. ரிவர்ஸ் போடுங்க."

"நீ எனக்குச் சொல்லிக்குடுக்கறியா? நீட்டுன்னா நீட்டு!"

நீட்டினேன் அக்கா. நீ சொன்ன பிறகும் நீட்டினேன். கால் தானாக நீண்டது, அவர் குரல் கேட்டால் என் உடம்பு அப்படித்தான். செருப்புக்கும் மரத்துக்கும் நடுவில் இரண்டு சாண் இருக்கும்போது காற்று சட்டென்று திசை மாறி, படகு ஓரமாக ஒதுங்கிப் போய்விட்டது. அப்பா சிரித்தார். "பாத்தியா? இவ்வளவுதான்" என்றார். அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "அப்பாவுக்குக் கோபம் வர்ற மாதிரி எதிர்த்துப் பேசாதம்மா" என்றாள். காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சனிக்கிழமை காற்று மாறும் என்று என்ன நிச்சயம்? கோபப்பட்டது போதும். என்ன செய்ய வேண்டும் என்று சொல்.

சுண்டு

ஜூன் 17

சுண்டு,

அந்தப் பதினொன்று எனக்குத் தெரியாது. சிரித்தது ஞாபகம்கூட இல்லை. அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். மற்றது எதற்கும் இப்போதைக்குக் கேட்கிற மனநிலையில் இல்லை.

பேரரசியை நீ கேட்டாய், சரி. பிள்ளை கேட்டது என்று வாங்கியவர், அதை ஓட்டக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். அது உன் தப்பில்லை. ஓர் ஆள் தன் தப்பைத் தூக்கிப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் அழுகை மேல் வைக்கிறார் என்றால், அந்த ஆளை நான் என்ன சொல்வது? எழுதினால் தாள் எரியும்.

சனிக்கிழமை செய்ய வேண்டியது இது. இடி தாங்கும் ரப்பர் உருளைகள் நான்கையும் துறைப் பக்கம் நீயே தொங்கவிடு. அவர் சொல்வதற்குக் காத்திருக்காதே. பிறகு முன்முனைக்குப் போகாதே. பாய்மரத்துக்கு வந்து இரண்டு கையாலும் அதைக் கட்டிப் பிடித்துக்கொள். கை அங்கே வேலையாக இருந்தால் அவர் குரலுக்கு நீளாது. இடித்தால் இடிக்கட்டும். படகுக்குப் பூச்சு அடிக்கலாம், பலகை மாற்றலாம். முளைக்காதது விரல்தான்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். நேராகப் பதில் சொல்.

அன்றைக்கு அவர் கத்தினார் என்று போன கடிதத்தில் அடித்துச் சொன்னேன். ஆனால் அவர் அதை அவ்வளவு தடவை மறுத்துவிட்டார், அம்மா பேசவே இல்லை, நீயும் கேட்கவில்லை என்று எழுதிவிட்டாய். இங்கே மெஷின் முன்னால் உட்கார்ந்து துணியைத் தள்ளும்போது எனக்கே சந்தேகம் வருகிறது. கொசுவில் வளர்ந்த கை இது. ஒருவேளை தானாகவே நீண்டுவிட்டதா? அவர் சொன்னதாக நான்தான் பிறகு சேர்த்துக்கொண்டேனா? விரல் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். எனக்குப் பைத்தியமா என்று தினம் தினம் யோசிப்பதைப் பொறுக்க முடியவில்லை.

குரல் முதலிலா, என் கை முதலிலா? உனக்கு மட்டும்தான் தெரியும்.

கொசுவை மூடி வைத்திருக்கிறார்களா, வெயிலில் காய்கிறதா?

அக்கா

ஜூன் 21

அக்கா,

நீ சொன்னபடி உருளைகளைத் தொங்கவிட்டேன். நான்கில் ஒன்றுக்குக் கயிறு இல்லை, என் தலைமுடி ரிப்பனால் கட்டினேன். துறையில் செயலாளர் கையில் அட்டையும் பேனாவுமாக நின்றார். துறைமுகத்தில் முப்பது வருடம் இழுவைப் படகு ஓட்டிய பெண்மணி அவர். சிரிக்கவே மாட்டார். காற்று போன வாரம் போலவே துறையைப் பார்த்து அடித்தது.

அப்பா பாயைத் தளர்த்தினார். நான் பாய்மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"அங்க என்னடி பண்ற? முன்னாடி போ!"

"போக மாட்டேன்."

"போங்கறேன்ல! கையை வெச்சுத் தள்ளு! தள்ளுடி!"

கை துடித்தது அக்கா. நிஜமாகவே துடித்தது. ஒரு கை விரல்களால் இன்னொரு கை மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன், நகம் பதிந்த இடம் இன்னும் எரிகிறது. கண்ணை மூடிக்கொண்டு எண்ணினேன். ஏழு வரைக்கும்தான் எண்ண முடிந்தது. அலமாரி சாய்ந்து விழுந்தது போல ஒரு சத்தம். முன்கம்பி வளைந்தது. ரிப்பன் கட்டிய உருளை வெடித்தே போனது. நான் கை நீட்டியிருப்பேனே, அந்த இடத்தில் துறை மரம் சிம்பு சிம்பாகத் தெறித்திருந்தது.

அப்பா இறங்கவில்லை. அங்கிருந்தே கத்தினார். "பாத்தீங்களா மேடம்? இவ தள்ளியிருந்தா இடிச்சிருக்குமா? இவளும் பெரியவ மாதிரியேதான். சொன்னதக் கேக்காத ஜென்மம்!"

அப்போது எனக்கு என்னவோ ஆனது. பயம் போகவில்லை. ஆனால் வாய் திறந்துகொண்டது.

"அக்கா சொன்னதக் கேட்டாப்பா. கேட்டதாலதான் விரல் போச்சு."

"நான் எப்ப சொன்னேன்? நான் சொல்லவே இல்ல!"

செயலாளர் அட்டையிலிருந்து தலையைத் தூக்கினார். "இப்ப சொன்னீங்களே டாக்டர். துறை முழுக்கக் கேட்டுது."

அம்மா உள்ளேயிருந்து ஏறி வந்தாள். கையில் மூடி போட்ட டம்ளர், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். "அன்னிக்கும் சொன்னீங்க. நான் கீழ அடுப்புக்கிட்ட நின்னேன், கேட்டுது" என்றாள். அவ்வளவு மெதுவாக.

அம்மாவுக்கும் தெரியும் அக்கா. ஐந்து மாதமாக இருமல் மருந்துக்கு அடியில் உன் முகவரியையும், வாய்க்குள் இதையும் வைத்துக்கொண்டு எங்களுக்குச் சாப்பாடு பரிமாறியிருக்கிறாள். அப்பா மேல் வந்த கோபத்தைவிட இந்தக் கோபம்தான் எனக்கு அதிகம். நானும் அதையேதான் செய்தேன் என்பதால் இன்னும் அதிகம்.

செயலாளர் ஜனவரித் தாளைக் கொண்டுவரச் சொன்னார். என் கையெழுத்துக்குக் கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே புதிதாக எழுதினேன். அம்மாவும் எழுதினாள். தீவுப் பயணத்துக்கு அனுமதி இல்லை. ரிவர்ஸ் போட்டு அணைக்கக் கற்றுக்கொண்டு வரும்வரை அப்பா பேரரசியின் சுக்கானைத் தொடக் கூடாதாம். வீட்டுக்கு வரும் வழியில், அப்பா ஒரு சிக்னலில், பச்சை விழுந்த பிறகும் நின்றுகொண்டே இருந்தார்.

கொசு கிளப்புக்குப் பின்னால் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. மூடிய தார்ப்பாய் நடுவில் கிழிந்து நார் நாராகத் தொங்குகிறது. அளவெடுத்தேன். நீளம் பதினான்கு அடி, அகலம் ஐந்தரை. நீயே தைத்து எடுத்துக்கொண்டு வா. வந்தால் என்னை அதில் ஏற்றாதே. பாய்க்கு அடியில் மாட்டினால் எப்படி வெளியே வருவது என்று கரையிலேயே, சிரிக்காமல் சொல்லிக்கொடுத்தால் யோசிக்கிறேன்.

இதைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் முன்னால் அப்பா தண்ணீர் குடிக்க வந்தார்.

"யாருக்கு எழுதற?"

"அக்காவுக்கு."

டம்ளரைக் கழுவி வைத்தார். நான் இருப்பதே தெரியாதது போல விளக்கை அணைத்துவிட்டுப் போனார். நான் எழுந்து போய் விளக்கைப் போட்டுக்கொண்டேன்.

நீ கேட்டதற்குப் பதில். முதலில் அவர் குரல். "கையை வெச்சுத் தள்ளு." நீ உடனே நீட்டவில்லை. திரும்பி, நிஜமாகவா என்பது போல அவர் முகத்தைப் பார்த்தாய். நான் உன்னையும் பார்த்தேன், அவரையும் பார்த்தேன். அவர் இன்னொரு தடவை கத்தினார்.

அதற்குப் பிறகுதான் உன் கை நீண்டது.

சுண்டு